'கம்ப்ரைஸ்' என்ற வினைக்குப் பின் 'ஆஃப்' வருமா?

கேள்வி: நான் ஓர் அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவில் பணியாற்றுகிறேன். ஆண்டறிக்கைக்காக, 'த கமிட்டி இஸ் கம்ப்ரைசிங் ஆஃப் செவன் மெம்பர்ஸ் இன்க்ளூடிங் எ சேர்மன், எ செக்ரட்டரி, எட்செட்ரா' என்று எழுதிக் கொடுத்தேன். பிரிவு அலுவலர் அதை 'இஸ் கம்ப்ரைஸ்ட் ஆஃப்' என்று திருத்தினார். அவருக்கு மேலுள்ள அதிகாரி அதையும் அடித்துவிட்டு, 'ஆஃப்' இல்லாமல் 'கம்ப்ரைசஸ்' என்று மட்டும் எழுதினார். கணினியில் உள்ள இலக்கணத் திருத்தியோ 'கன்சிஸ்ட்ஸ் ஆஃப்' என்று மாற்றச் சொல்கிறது. இவற்றில் எது சரி? எல்லாவற்றுக்கும் ஒரே பொருள்தானா? விரைவில் எழுதவிருக்கும் துறைத் தேர்வில் இதுபோன்ற சொற்களை வாக்கியத்தில் அமைக்கச் சொல்வார்கள் என்பதால் சற்று விரிவாகவே விளக்கவும்.

பதில்: உங்கள் மேலதிகாரியின் திருத்தம் சரியானது. கணினி சொன்னதும் பிழையில்லை. பிரிவு அலுவலர் எழுதியது அகராதிகளில் இடம்பெற்றிருந்தாலும் இன்றுவரை வழக்கு ஓயாத பிரயோகம். நீங்கள் எழுதிய வடிவம் மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது. ஆனால், உங்கள் வாக்கியத்தில் இருந்த சிக்கல் 'ஆஃப்' ஒன்றோடு முடியவில்லை என்பதால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'கம்ப்ரைஸ்' என்ற வினையில் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது அதன் திசை. முழுமை எழுவாயாக நிற்கும். அந்த முழுமைக்குள் அடங்கிய உறுப்புகள் செயப்படுபொருளாக வரும். குழு என்பது முழுமை, உறுப்பினர்கள் அதன் உறுப்புகள். ஆகவே 'குழு உறுப்பினர்களைக் கொண்டது' என்பதே இந்த வினை சொல்லக்கூடிய செய்தி. இந்தச் சொல் பழைய பிரெஞ்சு மொழி வழியாக லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. லத்தீன் மூலத்துக்குச் சேர்த்துப் பிடித்தல், உள்ளடக்குதல் என்று பொருள். புரிந்துகொள்ளுதலைக் குறிக்கும் 'காம்ப்ரிஹெண்ட்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்ததுதான். தமிழில் 'கொள்' என்ற வினை 'கொள்ளளவு' என்பதிலும் 'பொருள்கொள்ளுதல்' என்பதிலும் ஒருங்கே வந்து நிற்பதை அறிந்த நமக்கு இந்த உறவு வியப்பளிக்க வேண்டியதில்லை.

இந்தக் 'கொள்' என்ற வினையையே உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. 'குழு ஏழு உறுப்பினர்களைக் கொண்டது' என்று நாம் எழுதும்போது உறுப்பினர்கள் என்ற சொல் 'ஐ' என்னும் இரண்டாம் வேற்றுமை உருபை ஏற்கிறது. அதாவது, வினைக்கும் பெயருக்கும் இடையில் வேறெந்த இணைப்பும் இல்லாமல் வினை நேராகச் செயப்படுபொருளைத் தொடுகிறது. 'கம்ப்ரைஸ்' என்பதும் அவ்வாறே செயப்படுபொருள் குன்றாத வினை. 'த கமிட்டி கம்ப்ரைசஸ் செவன் மெம்பர்ஸ்' என்றால் வாக்கியம் நிறைவடைந்துவிட்டது. அங்கே 'ஆஃப்' நுழைய இடமே இல்லை.

பிறகு ஏன் இத்தனை பேர் 'கம்ப்ரைசஸ் ஆஃப்' என்று எழுதுகிறார்கள் என்று கேட்டால், 'கன்சிஸ்ட்ஸ் ஆஃப்' என்ற தொடரே காரணம். இரண்டும் ஏறத்தாழ ஒரே பொருளைத் தருவதாலும், இரண்டும் ஒரே எழுத்துகளில் தொடங்குவதாலும், ஒன்றின் வால் மற்றொன்றில் ஒட்டிக்கொள்கிறது. 'கன்சிஸ்ட்' என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. அது தானாக எந்தப் பெயரையும் தொட முடியாததால் 'ஆஃப்' என்ற துணையுடன்தான் வர முடியும். செயப்படுபொருள் இல்லாத வினையைச் செயப்பாட்டு வினையாக்க முடியாது என்பது பள்ளி இலக்கணம். ஆகவே 'இஸ் கன்சிஸ்டட் ஆஃப்' என்ற வடிவம் ஆங்கிலத்தில் கிடையாது. அலுவலகக் கடிதங்களில் அதைக் காணும்போது, எழுதியவர் 'கம்போஸ்ட் ஆஃப்' என்பதையும் 'கன்சிஸ்ட்ஸ் ஆஃப்' என்பதையும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்டார் என்று ஊகிக்கலாம்.

இந்த 'கம்போஸ்' என்ற வினையின் போக்கு வேறு. அதில் உறுப்புகள் சேர்ந்து முழுமையை ஆக்குகின்றன. முழுமையை எழுவாயாக்க வேண்டுமென்றால் வாக்கியத்தைச் செயப்பாட்டு வினைக்கு மாற்றி 'த கமிட்டி இஸ் கம்போஸ்ட் ஆஃப் செவன் மெம்பர்ஸ்' என்று எழுத வேண்டும். தமிழில் இதற்கு நிகரானது 'குழு ஏழு உறுப்பினர்களால் ஆனது' என்ற வாக்கியம். இப்போது உருபு மாறிவிட்டதைக் கவனியுங்கள். மனத்தில் தமிழ் வாக்கியம் 'ஐ' உருபோடு 'கொண்டது' என்று வந்தால் 'கம்ப்ரைசஸ்'. 'ஆல்' உருபோடு 'ஆனது' என்று வந்தால் 'இஸ் கம்போஸ்ட் ஆஃப்'. தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதக் கூடாது என்று பல ஆசிரியர்கள் சொல்வார்கள். இந்த ஓர் இடத்தில் நான் அவர்களோடு உடன்படவில்லை. இரண்டு மொழிகளின் அமைப்பும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தும்போது, கைவசம் இருக்கும் அறிவை ஒதுக்கிவைக்க வேண்டிய தேவை இல்லை.

அடுத்து, நீங்கள் எழுதிய 'இஸ் கம்ப்ரைசிங்'. நடந்துகொண்டிருக்கும் செயலைக் குறிக்கும் இந்த வடிவம் இங்கே பொருந்தாது. ஒரு குழுவில் ஏழு பேர் இருப்பது ஒரு நிலை. அது தொடங்கி, நடந்து, முடியும் செயல் அன்று. 'குழு ஏழு பேரைக் கொண்டுகொண்டிருக்கிறது' என்று தமிழில் எழுதினால் எவ்வளவு விசித்திரமாக ஒலிக்குமோ அவ்வளவு விசித்திரமாகவே அந்த ஆங்கில வாக்கியமும் ஒலிக்கிறது. 'கன்சிஸ்ட்', 'இன்க்ளூட்', 'கன்டெய்ன்' ஆகியவற்றுக்கும் பொதுவாக இதே விதிதான்.

எனினும் 'கம்ப்ரைசிங்' என்ற வடிவத்தையே அஞ்சி ஒதுக்கிவிடாதீர்கள். பெயருக்கு அடைமொழியாக அது மிக இயல்பாக வரும். 'ஐந்து பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது' என்று செய்தித்தாள்களில் நாள்தோறும் படிக்கிறோம் அல்லவா? அந்தக் 'கொண்ட' என்ற பெயரெச்சந்தான் 'கம்ப்ரைசிங்'. 'எ கமிட்டி கம்ப்ரைசிங் ஃபைவ் மெம்பர்ஸ் ஹேஸ் பீன் ஃபார்ம்டு' என்பது குற்றமற்ற வாக்கியம். தமிழிலாவது இங்கே இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்து தொகையாக நிற்கிறது. ஆங்கிலத்தில் மறைவதற்கு எதுவுமே இல்லை, இடையில் 'ஆஃப்' சேர்ப்பதற்கும் எதுவுமில்லை. இதே வாக்கியத்தில் இன்னொரு வழுக்கலும் உண்டு. வினைக்கு மிக அருகில் 'மெம்பர்ஸ்' என்ற பன்மைச் சொல் நிற்பதால், கை தன்னையறியாமல் 'ஹேவ் பீன் ஃபார்ம்டு' என்று எழுதிவிடும். அமைக்கப்பட்டது குழு, உறுப்பினர்கள் அல்லர். எழுவாய் எதுவோ அதற்கேற்பவே வினைமுற்று அமைய வேண்டும் என்பதால் 'ஹேஸ்' என்பதே உரியது.

இனி, இந்தச் சொல்லின் பொருளில் உள்ள நுட்பத்துக்கு வருகிறேன். என் அனுபவத்தில், 'ஆஃப்' என்பதை ஒழுங்காக விட்டுவிடக் கற்றுக்கொண்டவர்கள்கூடத் தடுமாறும் இடம் இதுதான். 'கம்ப்ரைஸ்' என்று எழுதும்போது, பின்னால் வரும் பட்டியல் முழுமையானது என்று நீங்கள் படிப்பவருக்கு உறுதி கூறுகிறீர்கள். 'இன்க்ளூட்' என்று எழுதும்போது, சிலவற்றை மட்டும் சொல்கிறேன், சொல்லாதவையும் இருக்கலாம் என்று இடம் விடுகிறீர்கள். 'த சோலார் சிஸ்டம் கம்ப்ரைசஸ் எய்ட் பிளானட்ஸ்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். இலக்கணம் சரி, எண்ணிக்கையும் சரி. ஆனால் வாக்கியம் தவறு. சூரியக் குடும்பத்தில் 8 கோள்கள் மட்டுமா இருக்கின்றன? சூரியன் எங்கே போயிற்று? துணைக்கோள்களும் குறுங்கோள்களும் வால்விண்மீன்களும் எங்கே? இங்கே 'இன்க்ளூட்ஸ் எய்ட் பிளானட்ஸ்' என்று எழுதியிருந்தால் யாரும் குறை காண முடியாது. மாறாக, 'எ செஸ் செட் கம்ப்ரைசஸ் தர்ட்டி டூ பீசஸ்' என்பது முற்றிலும் பொருந்தும். சதுரங்கக் காய்கள் மொத்தம் 32. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

உங்கள் வாக்கியத்தில் 'இன்க்ளூடிங்', 'எட்செட்ரா' ஆகிய இரண்டும் ஏன் இடறுகின்றன என்பது இப்போது விளங்கியிருக்கும். முழுப் பட்டியலைத் தருவதாக உறுதி கூறும் வினைக்குப் பின்னால் 'முதலியோர்' என்று எழுதினால், சொன்ன உறுதியை அதே மூச்சில் திரும்பப் பெற்றுக்கொண்டதாகிறது. அதிலும் 'இன்க்ளூடிங்' என்பது ஏற்கெனவே 'இவர்கள் உட்பட' என்று சொல்லிவிட்டதால் அதனுடன் 'எட்செட்ரா' சேர்ப்பது கூறியது கூறல் ஆகும்.

பிரிவு அலுவலரின் 'இஸ் கம்ப்ரைஸ்ட் ஆஃப்' பற்றிச் சற்று நிதானமாகவே பேச வேண்டும். ஏனெனில் அவரைப் பிழை செய்தவர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. உறுப்புகள் முழுமையை ஆக்குகின்றன என்ற பொருளில் 'கம்ப்ரைஸ்' என்ற வினையைக் கையாள்வது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே ஆங்கிலத்தில் உள்ளது என்று மெரியம்-வெப்ஸ்டர் அகராதி குறிப்பிடுகிறது. அதே குறிப்பில், அப்பிரயோகம் இன்றும் தவறு என்று தாக்கப்படுவதையும் அது எச்சரிக்கிறது. 'கம்ப்ரைஸ்ட் ஆஃப்' என்ற செயப்பாட்டு வடிவம் இந்தப் பொருளிலிருந்து கிளைத்ததே. மறுபுறம், அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு, இந்த வினையைச் செய்வினையில், நேரடிச் செயப்படுபொருளோடு மட்டும் பயன்படுத்துவதே நல்லது என்கிறது. எதிர்ப்பவர்களின் வாதம் எளிமையானது: 'கொண்டது' என்பதைச் செயப்பாட்டு வினையாக்கினால் 'குழு உறுப்பினர்களால் கொள்ளப்பட்டது' என்று திசை தலைகீழாகிவிடுகிறது; முழுமையை உறுப்புகள் எப்படி உள்ளடக்க முடியும்? ஆதரிப்பவர்களோ, நூற்றாண்டுகளாகப் படித்தவர்கள் எழுதிவரும் தொடரை வெறும் தர்க்கத்தால் தள்ளிவிட முடியாது என்கிறார்கள்.

இருதரப்பு வாதத்திலும் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். ஆயினும் அறிக்கை எழுதுபவருக்கும் தேர்வு எழுதுபவருக்கும் என் ஆலோசனை ஒன்றே: 'கம்ப்ரைஸ்ட் ஆஃப்' என்பதைத் தவிர்த்துவிடுங்கள். பேச்சில் யாராவது அப்படிச் சொன்னால் திருத்தப் புறப்படவும் வேண்டாம். எழுத்தில் அதைத் தவிர்ப்பதால் நமக்கு எந்த இழப்பும் இல்லை, 'கம்போஸ்ட் ஆஃப்' என்ற ஐயத்துக்கு இடமில்லாத தொடர் பக்கத்திலேயே காத்திருக்கிறது. எழுதினாலோ, படிப்பவர் உங்கள் குழுவைப் பற்றி யோசிக்காமல் உங்கள் இலக்கணத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

ஒரு விதிவிலக்கை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சொத்து ஆவணங்களிலும் குத்தகைப் பத்திரங்களிலும் 'த லேண்ட் கம்ப்ரைஸ்ட் இன் த லீஸ்' போன்ற தொடர்கள் வரும். குத்தகையில் அடங்கிய நிலம் என்பது அதன் பொருள். இங்கே உறுப்பு முழுமைக்குள் அடங்குகிறது; திசை எதுவும் மாறவில்லை. 'ஆஃப்' இருந்த இடத்தில் 'இன்' இருப்பதைக் கண்டு அதையும் சிவப்பு மையால் திருத்திவிடக் கூடாது.

அறிக்கைகளில் இந்தச் சொல் திசைமாறி வரும் இன்னோர் இடம், விழுக்காடு சொல்லும் வாக்கியங்கள். 'நைட்ரஜன் கம்ப்ரைசஸ் செவன்ட்டி எய்ட் பர்சென்ட் ஆஃப் த ஏர்' என்பது போன்ற வாக்கியங்களைப் பாடநூல்களில்கூடக் காண நேரலாம். காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன் என்பது உண்மை. ஆனால் நைட்ரஜன் உறுப்பு, காற்று முழுமை. உறுப்பு எழுவாயாக நிற்கும் இடத்துக்கு உரிய வினை 'கான்ஸ்டிடியூட்'. அந்தச் சொல் கனமாகத் தோன்றினால் 'மேக்ஸ் அப்' என்று எழுதலாம், அல்லது விழுக்காட்டுக் கணக்குக்கே உரிய 'அக்கவுண்ட்ஸ் ஃபார்' என்பதைக் கையாளலாம். பணியாளர்களில் பெண்கள் எத்தனை விழுக்காடு, செலவினத்தில் ஊதியம் எத்தனை விழுக்காடு என்றெல்லாம் ஆண்டறிக்கையில் எழுதும்போது இது உங்களுக்கு உதவும்.

பட்டியல் முழுமையானது என்று மேலே சொன்னதற்கு நேர் எதிரான வழக்கு நிலவும் ஒரு துறையும் உண்டு, ஆர்வத்துக்காகச் சொல்கிறேன். அமெரிக்கக் காப்புரிமை நடைமுறையில், ஒரு கண்டுபிடிப்பின் உரிமைக்கோரிக்கையில் 'கம்ப்ரைசிங்' என்று எழுதினால், குறிப்பிட்ட உறுப்புகள் கட்டாயம் இருக்க வேண்டும், அவற்றுக்கு மேல் வேறு எது இருந்தாலும் தடையில்லை என்று பொருள். 'கன்சிஸ்டிங் ஆஃப்' என்று எழுதினால் கதவு மூடப்பட்டுவிடும். சொன்னவை மட்டுமே, வேறெதுவும் இல்லை. உடலும் மைக்குழாயும் மூடியும் உடைய ஒரு பேனாவுக்கு 'கம்ப்ரைசிங்' என்ற சொல்லால் உரிமை கோரியிருந்தால், இன்னொருவர் அதே பேனாவில் சட்டைப்பையில் மாட்டும் கொக்கி ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தாலும் அது அந்த உரிமைக்கோரிக்கையின் வரம்புக்குள்ளேயே வரும். 'கன்சிஸ்டிங் ஆஃப்' என்றிருந்தால், அந்தக் கொக்கியைக் காட்டியே அவர் வரம்புக்கு வெளியே நிற்பதாக வாதிடலாம். ஆகவே காப்புரிமைத் தொடர்பான கோப்பு எதுவும் உங்கள் மேசைக்கு வந்தால், இரண்டும் ஒன்றுதானே என்று எண்ணி ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிடாதீர்கள்.

தேர்வைப் பொறுத்தவரை, சொல்லை வாக்கியத்தில் அமைக்கச் சொல்வதன் நோக்கம், அந்தச் சொல்லின் பொருள் உங்களுக்குத் தெரியும் என்பதை அந்த வாக்கியமே காட்ட வேண்டும் என்பதுதான். 'த புக் கம்ப்ரைசஸ் மெனி திங்ஸ்' என்று எழுதினால் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் அதில் 'கம்ப்ரைசஸ்' என்பதை எடுத்துவிட்டு 'எக்ஸ்பிளெய்ன்ஸ்' என்று வைத்தாலும் வாக்கியம் நிற்கும். அப்படியானால் அந்த வாக்கியம் எதையும் நிறுவவில்லை. 'தி இங்கிலிஷ் ஆல்ஃபபெட் கம்ப்ரைசஸ் ட்வென்ட்டி சிக்ஸ் லெட்டர்ஸ், ஃபைவ் வவல்ஸ் அண்ட் ட்வென்ட்டி ஒன் கான்சொனன்ட்ஸ்' என்று எழுதினால், 5 உயிரும் 21 மெய்யும் கூடி 26 ஆகிக் கணக்கு நேராகிறது; பட்டியல் முழுமையானது என்ற நுட்பம் வாக்கியத்திலேயே தெரிகிறது. தமிழ் நெடுங்கணக்கின் 247 எழுத்துகளை 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், 1 ஆய்தம் என்று பிரித்து இதேபோல் ஒரு வாக்கியம் அமைத்துப் பாருங்கள். எண்ணிக்கை திட்டமாகத் தெரிந்த எதுவும் இந்தச் சொல்லுக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். எழுத்துக்கூட்டலில் ஒரு சிறு எச்சரிக்கை: அமெரிக்க முறையில் எழுதினாலும் இச்சொல்லின் ஈற்றில் 'எஸ்' எழுத்துதான் வரும், 'இசட்' வராது. வினையாக வரும் 'அட்வைஸ்', 'சர்ப்ரைஸ்' ஆகியவையும் அப்படியே.

இனி உங்கள் அறிக்கைக்குத் திரும்புவோம். அந்தக் குழுவில் ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஐந்து உறுப்பினர்கள் என்று ஏழு பேர் இருப்பதாக வைத்துக்கொண்டால், 'த கமிட்டி கம்ப்ரைசஸ் எ சேர்மன், எ செக்ரட்டரி அண்ட் ஃபைவ் அதர் மெம்பர்ஸ்' என்று எழுதுங்கள். வினைக்குப் பின்னால் முக்காற்புள்ளி இடத் தேவையில்லை. வினையையும் அதன் செயப்படுபொருளையும் எந்தக் குறியும் பிரிக்காமல் இருப்பதே அழகு. அனைவரையும் சொல்ல இடமில்லையென்றால் 'த கமிட்டி ஹேஸ் செவன் மெம்பர்ஸ், இன்க்ளூடிங் எ சேர்மன் அண்ட் எ செக்ரட்டரி' என்று எழுதிவிடலாம். 'ஹேஸ்' என்பது அறிக்கைக்குத் தகுதி குறைந்த சொல் என்ற எண்ணம் நம் அலுவலகங்களில் பரவலாக இருக்கிறது. அந்த எண்ணத்துக்கு எந்த ஆதாரமும் கிடையாது. நான் தொகுப்பாசிரியராகத் திருத்தும் அறிக்கைகளில் 'கம்ப்ரைஸ்' வரும் இடங்களில் பெரும்பாலானவற்றை 'ஹேஸ்' என்றே மாற்றுகிறேன். உறுப்புகள் அனைத்தையும் வரிசைப்படுத்திச் சொல்லும் இடங்களில் மட்டுமே அதை அப்படியே விட்டுவைக்கிறேன்.

கணினித் திருத்தி சொன்ன 'கன்சிஸ்ட்ஸ் ஆஃப்' உங்கள் வாக்கியத்தில் சரியாகவே பொருந்துகிறது என்பதால் அதை ஏற்பதிலும் தடையில்லை. ஆனால் 'கன்சிஸ்ட்ஸ் இன்' என்று ஒரு தொடரும் இருக்கிறது. ஒன்றின் சாரம் எதில் இருக்கிறது என்று சொல்வதற்கு உரிய தொடர் அது. 'நல்ல நிர்வாகத்தின் சாரம் நேரத்தில் முடிவெடுப்பதில் இருக்கிறது' என்பது போன்ற கருத்தை அதைக்கொண்டு எழுதலாம். உறுப்பினர்களை எண்ணிச் சொல்லும் இடத்தில் அதற்கு வேலையில்லை. மென்பொருள் ஏதேனும் அவசரத்தில் 'ஆஃப்' என்பதை 'இன்' என்று மாற்றக் கேட்டால், அந்த ஆலோசனையைப் புறக்கணித்துவிடுங்கள்.